ஹெடருக்குள் போன வெள்ளிக் கண்

வடக்கே ஒரு அனல்மின் நிலையத்திலிருந்து எங்கள் பட்டறைக்கு ஒரு போட்டோ வந்தது. திங்கட்கிழமை காலை, டீ நேரம். மேனேஜர் தன் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வெடித்த குழாய் ஒன்று. அதன் பக்கத்தில், வெள்ளைத் துணியின் மேல், கருத்துப்போன சின்னத் தகடு ஒன்று. அளவு தெரிவதற்காக ஸ்கேல் வேறு வைத்திருந்தார்கள். கீழே அவர்களுடைய கேள்வி: இது எந்தப் பாகம்? இதன் வரைபட எண் என்ன? எங்களிடம் இருக்கும் வரைபடங்களில் இதைக் காணவில்லை.

அந்த எஞ்சினியரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எந்த வரைபடத்தைப் புரட்டினாலும் அது கிடைக்காது. ஆனால் திரையைச் சுற்றி நின்ற எங்கள் ஆறு பேருக்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. அது கண்மலர். கண்ணில் கோளாறு என்றால் சமயபுரத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வாங்கிப் போடுகிற வெள்ளிக் கண். இரண்டு பக்கமும் கூராக, நடுவில் கருவிழி பதித்து, பெருவிரல் நீளத்தில் இருக்கும். கோயில் வாசல் கடைகளில் ஜோடி ஜோடியாகத் தொங்கும். படத்தில் இருந்தது ஒன்றுதான்.

என் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியதை நான் உணரவே இல்லை. பக்கத்தில் நின்ற வெல்டர்தான் தம்ளரை வாங்கி வைத்தார்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். காட்டூரைத் தாண்டி, தஞ்சாவூர் ரோட்டில், பாய்லர் பாகங்கள் செய்கிற பட்டறைகள் நிறைய உண்டு. அதில் ஒன்றில் நான் இன்ஸ்பெக்டர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போவேன். நாட்டில் பாதிக்கு மேல் கரன்ட் நிலக்கரியை எரித்துத்தான் வருகிறது. அந்த நெருப்பில் தண்ணீர் நீராவியாகி ஓடுகிற குழாய்களில் சிலவற்றை நாங்கள் செய்து அனுப்புவோம். நான் கைநீட்டி சாம்பலைக்கூடத் தொட்டதில்லை. எங்கள் பட்டறையில் ஒரு துண்டு நிலக்கரியைப் பார்த்தவர் கிடையாது. எல்லாமே எங்கேயோ ஆயிரம் மைலுக்கு அப்பால் எரிந்துகொண்டிருந்தது. நமக்கென்ன என்றுதான் நானும் இருந்தேன்.

நாங்கள் செய்ததில் முக்கியமானது ஹெடர். ஆள் தொடையை விடப் பருமனான நீளக் குழாய். அதன் உடம்பில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் கிளம்பும். ஹெடருக்குள் வருகிற நீராவி அத்தனை குழாய்களுக்கும் பிரிந்து போகும். நீராவி ஓடிக்கொண்டே இருக்கும்வரை குழாய் நெருப்பைத் தாங்கும். ஒரு துளையை ஏதாவது மூடிக்கொண்டால் போச்சு. அந்த ஒரு குழாய் மட்டும் வெறும் வயிற்றோடு நெருப்பில் நின்று, பழுத்து, ஒரு நாள் மீனின் வாய் போலப் பிளந்துகொள்ளும். அதனால்தான் ஹெடரின் முனையை மூடி வெல்டிங் செய்வதற்கு முன், உள்ளே ஒரு தூசு தும்பு இல்லை என்று டார்ச்சும் கண்ணாடியும் விட்டுப் பார்த்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஒருவர் நான்.

பார்க்காமல் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. முனையை மூடுவதற்கு முன் அந்த வாயில் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவோம். சோதனை முதலில், பூஜை பிறகு. பூஜை போட்ட வாய்க்குள் மறுபடி குச்சியை விட்டுத் துழாவக் கூடாது என்பது எழுதாத சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இருபது வருஷம் நானும் அதைக் காப்பாற்றினேன். பெரிய இன்ஸ்பெக்டர்!

ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு முன் என் மகளுக்குக் கண்ணில் ஆபரேஷன் நடந்தது. அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி கண்மலர் வேண்டிக்கொண்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நான் சமயபுரம் போய், ஒரு ஜோடி வாங்கி, அம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டேன். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மகளின் கண்ணில் ஒற்றிவிட்டுப் பிறகு உண்டியலில் போட வேண்டும் என்பது என் மனைவியின் கட்டளை. அப்படியே நேரே வேலைக்குப் போனேன். அன்று ஒரு ஹெடருக்குப் பூஜை. சமயபுரத்துக் குங்குமம் வந்திருக்கிறது என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். கண்மலரும் இருந்த பிரசாதப் பொட்டலத்தைத் தட்டிலேயே பிரித்து வைத்தேன். தட்டை ஹெடர் வாயின் விளிம்பில் வைத்துக் கும்பிட்டோம்.

சாயங்காலம் வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு கண்தான் இருந்தது.

"ஏங்க, ஒண்ணைக் காணோமே!" என்றாள் மனைவி.

"பஸ்ல விழுந்திருக்கும். கூட்டம்" என்றேன்.

அவள் திட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு வேறு ஜோடி வாங்கிப் போட்டாள். ஒற்றைக் கண் பூஜை அலமாரியில் தங்கிவிட்டது. நான் பஸ்ஸைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே இல்லை. தொலைந்த இடத்தை நினைக்கக்கூடத் தெரியாதவனுக்கு இன்ஸ்பெக்டர் உத்தியோகம்.

குழாய் வெடித்ததில் அந்த மின் நிலையத்தின் ஒரு யூனிட் பல நாள் நின்றுபோயிருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மன் புண்ணியம். ஆனால் ஒரு பெருவிரல் நீளத் தகடு அவ்வளவு பெரிய நெருப்பை அணைத்துவிட்டதே! என் மகளின் கண்ணுக்காக வாங்கியது அது. எத்தனை ஊர் இருண்டதோ.

வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்வதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்.

"ஹெடருக்குள்ள கடைசியா துணி விட்டுத் துடைக்கிறது யாரு? அந்தம்மாதானே? சமயபுரத்துலேர்ந்து வர்ற அம்மா?"

காண்டிராக்டில் வேலை பார்த்தவர் அவர். நாற்பது வயது இருக்கும். நீளக் கம்பியில் துணி சுற்றி ஹெடருக்குள் இழுத்து இழுத்துத் துடைப்பது அவர் வேலை. ஊர் சமயபுரம், கிடைத்தது கண்மலர், முடிந்தது விசாரணை. அவரைக் கூப்பிட்டார்கள். படத்தைக் காட்டினார்கள். அவர் படத்தைப் பார்த்தார், ஒரு நொடி என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் போடலைங்க" என்றார். அவ்வளவுதான்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அதை என் கண்ணெதிரே பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

வீட்டுக்கு வந்து பூஜை அலமாரியைத் திறந்தேன். ஒற்றைக் கண் அங்கே மஞ்சளில் கிடந்தது. படத்தில் இருந்ததற்கும் இதற்கும் ஒரே வளைவு, ஒரே அளவு. மறுநாள் சொல்லிவிடலாம் என்று போனேன், சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மகளின் ஃபீஸ், என் வயசு, இனி எவன் வேலை தருவான் என்று காரணங்களுக்கா பஞ்சம்? புதன்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் கரன்ட் போனது. "எவன் என்ன பண்ணித் தொலைச்சானோ!" என்று மனைவி விசிறியைத் தேடினாள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, தெரு டிரான்ஸ்ஃபார்மர் கோளாறுதான். ஆனாலும் இருட்டில் என் முகம் தெரியாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு கேவலமாகப் போயிருந்தேன்.

சனிக்கிழமை சமயபுரம் போனேன். உண்மையைச் சொல்லப் போனேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், தெரிந்த ஒரு பட்டறையில் அவருக்கு வேறு வேலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் கொல்லையில் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க சார். கோயிலுக்கு வந்தீங்களா?"

"இல்லம்மா. உங்களைப் பார்க்கத்தான். வேற ஒரு இடத்துல வேலை..." என்று ஆரம்பித்தேன். பாதியில் அதை விட்டேன். "அந்தக் கண்ணு என்னோடதும்மா" என்றேன்.

"தெரியுங்க சார்" என்றார்.

அவரே மேலும் சொன்னார்.

"நான் பார்த்தேன். கும்பிட்டுட்டு நீங்க தட்டை எடுத்தீங்களா, அது சாஞ்சு ஒண்ணு உள்ளே போச்சு. பாப்பாவுக்கு வேண்டிக்கிட்டு நீங்களே போடுறீங்கன்னு நெனச்சேன். கோயில்ல ஒண்ணு, தொழில் பண்ற எடத்துல ஒண்ணுன்னு வேண்டியிருப்பீங்கன்னு. சாமிக்குப் போட்டதைக் கம்பிய விட்டு எடுத்தா பாப்பா கண்ணுக்கு ஆகுமாங்க? அதான் விட்டுட்டேன்."

"அன்னிக்கு மேனேஜர் கேட்டப்போ ஏம்மா சொல்லலை?"

"சொன்னா உங்க வேலை போயிருமே. நமக்கு இது இல்லைன்னா இன்னொண்ணு" என்று விரிப்புகளைக் காட்டினார். பிறகு கேட்டார்: "பாப்பாவுக்கு இப்ப போர்டுல எழுதுறதெல்லாம் நல்லாத் தெரியுதுங்களா?"

தெரிகிறது என்று தலையாட்டினேன். அந்த மனுஷி தன் வேலை போகும் என்று தெரிந்தும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்திருக்கிறார். நான் அதைப் பயம் என்று நினைத்திருக்கிறேன். லாட்ஜ் கொல்லையில், சோப்புத் தண்ணீரில் நின்று, ஐம்பத்திரண்டு வயதில் அழுதேன். அவர் பதறிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் மேஜையில் என் ஒற்றைக் கண்ணை வைத்தேன். பக்கத்தில் கடிதம். அவர் கண்ணைப் பார்த்தார், திரையில் படத்தைப் பார்த்தார்.

"உங்களை நம்பி இருபது வருஷமா..." என்றார். கடிதத்தைப் படித்தார். ஹெடர் எந்த நாள் மூடப்பட்டது, தட்டு எங்கே இருந்தது, பூஜைக்குப் பிறகு நான் மறுபடி பார்க்காதது, அந்த அம்மாவை உடனே திரும்ப எடுக்க வேண்டும் என்பது, எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அவரைத் திரும்ப எடுப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். என் கையெழுத்து இனிமேல் செல்லாது என்றார். அது நான் எதிர்பார்த்ததுதான்.

பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். "மின் நிலையத்துக்குப் பதில் அனுப்பணும். அவங்க கேப்பாங்க. இது உள்ளே விழுந்ததை யாராவது பார்த்தாங்களா? பார்த்திருந்தா அவங்களும்தான் பொறுப்பு. துடைக்கிற அம்மா பக்கத்துலதானே நின்னிருக்கும். அது பார்த்துச்சா?"

இருபது வருஷம், பார்த்ததை மட்டுமே எழுதிக் கொடுத்தவன் நான்.

"இல்ல சார்" என்றேன். "யாரும் பார்க்கலை."