கை நனைத்த இடம்

இட்லித் தட்டை ஆவியோடு தூக்கிக் கவிழ்த்து, சேஷன் ஈரத்துணியை உரித்தார். விரல் நுனிகள் எப்போதோ மரத்துப்போனவை, சூடு தெரியவில்லை. முழங்கால்தான் தெரிந்தது. விடியுமுன் நிற்கத் தொடங்கிய கால்.

வாசலில் ஏணிமேல் நின்று, போர்டு எழுதும் தாசையன் பழைய எழுத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சாலைக் கடைத்தெருவில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நின்ற 'பிராமணாள் காப்பி கிளப்' இனி வெறும் 'ஹோட்டல்'. கோயிலையே எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கடைக்கு மட்டும் எதற்கு அந்தப் பெயர் என்று முதலாளி பட்டாபி ஐயர் தீர்மானித்துவிட்டார்.

"கிளப்னா மூலத்திலே தடின்னு அர்த்தம், கேட்டேளா" என்றார் ஸ்ரீகண்டன். சர்க்கார் ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தா. காலைக் காப்பிக்கு இங்கே வந்துதான் வாயைத் திறப்பார். "உருட்டுக்கட்டை. அது எப்படியோ நாலு பேர் கூடற எடத்துக்குப் பேராயிடுத்து."

"அப்போ இத்தனை நாள் காப்பித் தடியா ஓய் நடத்தினேன்?" என்றார் பட்டாபி, கல்லாவிலிருந்து.

"ஹோட்டலைக் கேளும். அதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேர் ஒண்ணு. லத்தீன்லே விருந்தாளின்னு அர்த்தம்."

"நல்லதாப் போச்சு. இங்கே சாப்ட்டுட்டு நேரே அங்கே போயிடலாம்."

சேஷன் சிரிக்கவில்லை. ஸ்ரீகண்டன் சொல்லும் வார்த்தைகளிலெல்லாம் அவர் நின்று வேலை செய்திருக்கிறார். பிறந்தது ஊட்டுபுரைப் புகையில். அப்பா அங்கே சமையல் பரிசாரகர். வழிப்போக்கப் பிராமணர்களுக்கு அரசாங்கச் செலவில் சோறு. ஊட்டுகிற வீடு, அவ்வளவுதான் அந்தப் பெயர். யாரும் எதுவும் கொடுத்துச் சாப்பிட்டதில்லை. பிறகு ஒரு நாள் உத்தரவு வந்தது, பூட்டினார்கள். அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

சேஷன் ஒரு சத்திரத்துக்குப் போனார். சத்திரம் என்பது ஆதியில் யாகத்தின் பெயராம். அவர் இருந்த சத்திரத்தில் மூட்டைப்பூச்சிகள்தான் யாகம் நடத்தின. அங்கிருந்து வக்கீல் குமாஸ்தாக்களின் மெஸ். அங்கேதான் முதல்முதலாகச் சாப்பிட்டவர்கள் பணம் கொடுத்தார்கள். செய்தி கேட்டு அப்பா, "அன்னத்தை விக்கறயாடா?" என்று கேட்டார். ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு, சாகும்வரை, பிள்ளை கையால் ஒரு வாய் வாங்கவில்லை.

அதனால்தான் மனைவி பாகீரதி தரகு மாமியிடம் அப்படிச் சொல்லியிருந்தாள். திருநெல்வேலி வரன், பையனுக்குத் தாலுகா கச்சேரியில் வேலை, அப்பா நாகேஸ்வரய்யர் ஆசாரம் பார்க்கிறவர். பெண்ணின் தகப்பனார் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு, "பத்மநாப ஸ்வாமி கோயில் அக்ரசாலையில் பரிசாரகம்" என்று போயிற்று பதில். முழுப் பொய்யும் இல்லை. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் முறைஜபத்துக்கு ஆள் போதாமல் கூப்பிட்டபோது அவர் அந்தக் கோயில் சமையற்கட்டுக்குப் போய்க் கூட்டுக்கறி வைத்திருக்கிறார். சேஷன் மறுத்துச் சொல்லவில்லை. மறுக்கவும் தெம்பு வேண்டும். சுப்புலக்ஷ்மிக்கு வந்த வரன்களில் மூன்று, 'கிளப்பு' என்ற வார்த்தையோடு திரும்பிப் போயிருந்தன.

இன்று நாலு மணிக்குக் கரமனை வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மத்தியானம் போய்விடுகிறேன் என்று பட்டாபியிடம் சொல்லி வைத்திருந்தார்.

"நாலு இட்லி, அப்பறம் காப்பி" என்றது ஒரு புதுக்குரல். இலையோடு போனார். பெரியவர் ஒருவர், பக்கத்தில் கோட்டுப் போட்ட பையன். நாகர்கோவில் பஸ்ஸின் செம்மண் இன்னும் வேஷ்டியில் இருந்தது.

"பொண்ணாத்திலேயே வந்து குளிச்சுச் சாப்பிடலாம்னு மாமி சொன்னாளேப்பா" என்றான் பையன்.

"நிச்சயம் ஆகாம பொண்ணாத்திலே கை நனைக்கப்படாதுடா. நனைச்சா சம்பந்தம் ஆனமாதிரி. கரமனைக்கு நாலு மணிக்குப் போவோம். ஏதோ, அக்ரசாலையிலே பெருமாளுக்குச் சமைக்கற கை. அன்னத்தை விக்கற எடமா இருந்தா நான் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேன்." இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்த்தார். "பேஷ். கொஞ்சம் சாம்பார் விடும் ஓய்."

சேஷன் கரண்டியை வாளிக்குள் விட்டபடி நின்றார். உள்ளே போய்விடலாம். வேறு ஆளை அனுப்பலாம். ஆனால் நாலு மணிக்கு எப்படியும் இதே முகத்தைத்தான் காட்டியாக வேண்டும். அதுவரை ஓடி ஒளிய அவரால் முடியாது போலிருந்தது. சாம்பாரை விட்டார்.

"நான்தான் சேஷன்" என்றார். "சுப்புலக்ஷ்மியோட அப்பா."

பெரியவர் நிமிர்ந்தார். இட்லி கையில் இருந்தது. பையன் இலையைப் பார்த்தான்.

"அக்ரசாலைன்னாளே?"

"முறைஜபத்துக்குப் போயிருக்கேன். மத்த நாளெல்லாம் இங்கேதான்."

அடுத்த மேஜையில் ஸ்ரீகண்டன் டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தார். பிறகு, அடக்க முடியாமல், "ஸ்வாமி, பொண்ணோட அப்பா கையாலே கை நனைச்சாச்சே!" என்றார். "இனி நிச்சயதார்த்தம்தான் பாக்கி, அல்லே?"

"யார் ஓய் நீர்?" நாகேஸ்வரய்யரின் குரல் உயர்ந்தது. "கை நனைக்கறதுன்னா ஒருத்தர் ஆத்திலே. இது யாராத்துக் கூடம்? காசு குடுத்துத் திங்கற எடம். இங்கே தின்னது கணக்கிலே சேராது."

அந்த நேரத்தில் சேஷனுக்கு ஒன்று தோன்றியது. வெகு நாளாக ஒன்றும் தோன்றாத மனத்தில் தோன்றியதால் அவருக்கே கூச்சமாக இருந்தது. கல்லாப் பக்கம் திரும்பி, "முதலாளி, இவா ரெண்டு பேரும் என் மனுஷா. காசு வாங்கப்படாது. என் பேரிலே இருக்கட்டும்" என்றார்.

பட்டாபி தலையசைத்தார். காசு இல்லையென்றால் அது விருந்து. விருந்தென்றால் இந்த மேஜை சேஷனுடைய வீடு. பையன் மெதுவாக ஒரு துண்டு இட்லியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"எழுந்திருடா" என்றார் அப்பா.

கை கழுவிவிட்டு வந்து, கல்லாப் பலகைமேல் ஒரு நாணயத்தை வைத்தார். வைத்த விரலை எடுக்காமல் பட்டாபியைப் பார்த்தார். பட்டாபி சேஷனைப் பார்த்தார். சேஷன், வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்போது வாசலில் இரண்டு மூன்று பேர் பில்லுக்கு நின்றார்கள். பட்டாபியின் கை, இத்தனை வருஷப் பழக்கத்தில், தானாக நீண்டது. நாணயம் பெட்டிக்குள் விழுந்தது. மீதிச் சில்லறையையும் அதே கை எடுத்து நீட்டியது.

"நாலு மணிக்கு..." என்றார் சேஷன்.

"பார்க்கலாம்" என்றார் நாகேஸ்வரய்யர், ஏணியைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கும்போது. பையன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

"கை தானாப் போயிடுத்து, சேஷா" என்றார் பட்டாபி.

"தெரியும்" என்றார் சேஷன். இரண்டு இலைகளையும் எடுத்துத் தொட்டியில் போட்டார்.

நாலு மணிக்கு யாரும் வரவில்லை. விளக்கு ஏற்றும்வரை பார்த்தார்கள். அப்புறம்தான் சேஷன் பாகீரதியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"நீங்க ஏன் வாயைத் திறந்தேள்? இங்கே வந்து, பொண்ணைப் பார்த்து, பாட்டுக் கேட்டு, அப்பறம் தெரிஞ்சிருந்தா மனசு மாறியிருக்கும்."

"சாம்பார் கேட்டார்."

"கேட்டா?"

"விட்டேன். அப்பறம் சொல்லாம இருக்க முடியலே."

பாகீரதி உள்ளே போனாள். சுப்புலக்ஷ்மி பட்டுப்புடவையை மாற்றிவிட்டு, ஆறிப்போன சொஜ்ஜியை ஒரு இலையில் வைத்து அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "சாப்டுங்கோப்பா. காலம்பறலேருந்து நீங்க ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டேள்." கொஞ்சம் விட்டு, "பையன் எப்படி?" என்று கேட்டாள்.

"சாது. பசியோட இருந்தான்."

அவர் சாப்பிட்டார். சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்தது. "மதி, போறும்" என்று கை காட்டியபிறகும் அவள் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

மறுநாள் விடியுமுன் சேஷன் கரமனையிலிருந்து நடந்து கடைக்கு வந்தார். அடுப்பு மூட்டினார். விறகு ஈரமாக இருந்ததால் பிடிக்க நேரமாயிற்று. தாசையன் வந்து போர்டில் மலையாளத்திலும் தமிழிலும் ஹோட்டல் என்று எழுதி முடித்தான். இரண்டு பேர் நாகர்கோவில் பஸ்ஸில் முதல் நாள் மத்தியானமே ஏறியதாக, பஸ் ஸ்டாண்டுக்குப் பால் கொடுக்கிறவன் சொன்னான். ஸ்ரீகண்டன் வழக்கமான நேரத்துக்கு வந்தார். வார்த்தைகளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. காப்பி குடித்துவிட்டுக் காசை வைத்தார். பட்டாபி எடுத்துப் பெட்டியில் போட்டார். பெயின்ட் வாசனை மத்தியானம்வரை இருந்தது.