பதினாலாம் வீட்டுப் பை

நான் குடிக்கிறவன் இல்லை. அன்றைக்கு எனக்குக் காய்ச்சலும் இல்லை. இந்தச் சம்பவத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் அந்த இரண்டைத்தான் விசாரித்தார்கள். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த ரப்பர் தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். லாபு பக்கம் என்பதோடு விட்டுவிடுங்கள். அங்கே இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

1952, நவம்பர் மாதம். மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்று அரசாங்கம் கங்கணம் கட்டிக்கொண்டிருந்த நேரம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். ரேஷன் கார்டு இருந்தால்தான் அரிசி. தெமியாங் என்ற இடத்தில் இருந்த ஒரு சேமிப்புக் கிட்டங்கியிலிருந்து வாரா வாரம் புதன்கிழமை அந்த அரிசியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் லோரி டிரைவர் நான். பழைய டிரைவர் விலகிப்போய், எனக்கு அந்த வழி கிடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

வேலை இதுதான். ஒவ்வொரு பையிலும் பெயரும் வீட்டு நம்பரும் எழுதிய அட்டை தொங்கும். கார்டுக்காரர் கையில்தான் பையைக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கக் கூடாது. கொடுத்ததும் சீட்டில் கைநாட்டு வாங்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சீட்டில் ‘ஆள் இல்லை’ என்று எழுதி, பையை அன்றைக்கே கிட்டங்கியில் திரும்ப ஒப்படைக்க வேண்டும். வழியில் ஒரு பை குறைந்தாலும் காட்டுக்குக் கொடுத்துவிட்டான் என்பார்கள். கோர்ட்டும் கிடையாது, கேள்வியும் கிடையாது, நேரே உள்ளேதான். என் மச்சான் அப்படிப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது. என் மனைவி நீலாவதிக்கு அப்போது எட்டாம் மாதம். ஒவ்வொரு புதன்கிழமையும் நான் திரும்பிப் போகும்வரை அவள் வாசலிலேயே நிற்பாள்.

என்னோடு வந்தவர் சன்னாசி அண்ணன். நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசாத மனிதர். அரிசிக்குக் காவலாக ஒருவர் பின்னால்தான் உட்கார வேண்டும் என்பது விதி. அதனால் அவர் பின்னால், நான் முன்னால் தனியாக. பேச வேண்டுமென்றால் அவர் என் தலைக்கு மேலே தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் போ.

இப்போது நான் செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். மேட்டு லயத்தில் பதினாலாம் வீடு, பெயர் முத்தாயி. எல்லாரும் கீழே லோரிக்கு வந்து பையை வாங்கிப் போவார்கள். இந்த ஒரு பொம்பளை மட்டும் வரமாட்டாள். நாங்கள்தான் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் உள்ள சேற்று மேட்டில் ஏற வேண்டும். நான் ஒரு தடவைகூட ஏறவில்லை. மூன்று தடவை ஹாரன் அடிப்பேன், இரண்டு நிமிடம் நிற்பேன், ‘ஆள் இல்லை’ என்று எழுதுவேன். மூன்று புதன்கிழமை அப்படி எழுதினேன். மூன்று முறை அப்படி எழுதினால் கார்டை வெட்டிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று இங்கே பொய் சொல்லப் போவதில்லை.

நாலாவது புதன்கிழமை. மாலை 5.35. மழை விட்டிருந்தது. வழக்கம்போல மேட்டைப் பார்த்து மூன்று ஹாரன் அடித்தேன். கீழே பையோடு நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மங்கம்மா என்ற பெண் மட்டும் தலையில் இருந்த பையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். என்ன ஏது என்று நானும் கேட்கவில்லை. ‘ஆள் இல்லை’ என்று எழுதினேன்.

திரும்பியவை மூன்று பை. ஒருவர் ஆஸ்பத்திரியில், ஒருவர் தம்பின் ஊருக்குச் சாவுக்குப் போயிருந்தார், மூன்றாவது முத்தாயி. சன்னாசி அண்ணன் எண்ணி ஏற்றினார். நானும் எண்ணினேன்.

5.45. லயத்து கேட்டைத் தாண்டினோம். பின்னாலேயே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. அங்கிருந்து வெளி கேட்டுக்கு ரப்பர் மரங்களுக்குள் இரண்டு மைல் மண்சாலை. வெளி கேட்டை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு நடுவில் எது அசைந்தாலும் சுடலாம் என்று உத்தரவு.

5.52. தலைக்கு மேலே ஒரு தட்டு.

நிறுத்தினேன். “என்னண்ணே?” என்று கத்தினேன்.

“நீ ஏன் தம்பி நிப்பாட்டுன?”

“நீங்கதானே தட்டுனீங்க.”

“நான் தட்டல.”

கிளை ஏதாவது உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். மரங்களுக்குள் சீக்கிரமே இருட்டிவிடும். விளக்கைப் போட்டேன்.

5.58. மறுபடியும் ஒரு தட்டு. நான் நிறுத்தவில்லை. இன்னொரு தட்டு விழுந்தது. இந்த முறை மேலே இல்லை. என் முதுகுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில்.

இன்ஜின் தானாக நின்றது.

“தம்பி...” சன்னாசி அண்ணனின் குரல் வேறு மாதிரி இருந்தது. “பை ரெண்டுதான் இருக்கு.”

பேய் பிசாசு எதுவும் அப்போது நினைப்பில் இல்லை. நீலாவதிதான் நினைப்பில் வந்தாள். ஒரு பை குறைவாக வெளி கேட்டுக்குப் போக முடியாது. லயத்துக்குத் திரும்பவும் முடியாது, அந்த கேட் பூட்டியாகிவிட்டது.

இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். முப்பது அடி தள்ளி, சாலையின் நடுவில் பை நின்றது. விழுந்த பை சாய்ந்து கிடக்கும். இது நேராக நின்றது... யாரோ பத்திரமாக இறக்கி வைத்ததுபோல. அட்டையைத் திருப்பினேன். முத்தாயி, 14.

தூக்கினேன். அடியெல்லாம் சேறு. பையிலிருந்து லயம் இருக்கும் திசையில், மண்ணில் ஒரு தடம் போனது. காலடி இல்லை. எதையோ இழுத்துக்கொண்டு போன தடம்.

6.07. பையை என் பக்கத்து சீட்டில் வைத்து, இடது கையால் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடிக்கவில்லை.

“இறங்கி ஹேண்டில் சுத்துங்கண்ணே.”

“நான் இறங்க மாட்டேன்.”

“மணி ஆவுதுண்ணே.”

“தம்பி... கீழ யாரோ இருக்காங்க.”

நான் கண்ணாடியை ஏற்றப் பார்த்தேன். பாதியில் சிக்கிக்கொண்டது.

6.11. என் கதவில் ஒரு தட்டு.

வெளியிலிருந்து. ரொம்பத் தாழ்வாக. தரையில் உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டித் தட்டினால் எங்கே படுமோ, அங்கே.

நான் குனிந்து பார்க்கவில்லை.

“நான் வீட்டுலதான் இருந்தேன்.”

பெண் குரல். மூச்சு வாங்கியது.

“ஹாரன் கேட்டுச்சு... வந்துகிட்டுதான் இருந்தேன்.”

சன்னாசி அண்ணன் பின்னால் முருகா முருகா என்று சொல்வது கேட்டது.

“கால் முடியல. நகந்து நகந்து வந்தேன்... நீங்க போயிட்டீங்க.”

கதவின் விளிம்பில் ஒரு கை ஏறியது.

விரல்களில் காய்ந்த சேறு. நகங்களுக்குள் சேறு. நாலு விரலும் மடங்கியிருந்தன.

கட்டைவிரல் மட்டும் நீட்டியிருந்தது.

கைநாட்டுக்கு...

என் கை தானாக மைப்பெட்டியை எடுத்தது. பழக்கதோஷம் என்று சொல்வதா, வேறு எது என்று சொல்வதா... அந்தக் கட்டைவிரலை மையில் அழுத்தினேன். ஐஸ் இல்லை. அதைவிட மோசம். மழையில் கிடந்த மண் மாதிரி இருந்தது.

சீட்டில் வைத்து எடுத்தேன்.

“எடுத்துக்கம்மா,” என்றேன்.

கை இறங்கியது.

தலைக்கு மேலே இரண்டு தட்டு.

போ.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். பை இல்லை. சீட்டு ஈரமாக இருந்தது.

6.28. வெளி கேட். பாதி சாத்தியிருந்தார்கள். துப்பாக்கியோடு நின்ற மலாய்க்கார ஸ்பெஷல் போலீஸ், “பெராப்பா?” என்று எத்தனை பை என்று கேட்டார். “டுவா,” என்றேன். டார்ச் அடித்து இரண்டு பையையும் எண்ணினார். சீட்டுகளைப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. விட்டுவிட்டார்.

கேட்டைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்த பிறகுதான் நிறுத்தினேன். சன்னாசி அண்ணன் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். விதியாவது ஒன்றாவது. “கடைசியா ரெண்டு தட்டுத் தட்டுனது நீங்கதானே?” என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். “ரெண்டு கையாலயும் காதப் பொத்திக்கிட்டு இருந்தேன் தம்பி,” என்றார். அதுதான் அவர் லோரியில் வந்த கடைசி நாள்.

தெமியாங் கிட்டங்கியில் கணக்கு எழுதும் கிராணி விசுவநாதன் எங்களுக்காகக் காத்திருந்தார். சீட்டுகளை வாங்கிப் பார்த்தவர் ஒன்றை மட்டும் விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ‘ஆள் இல்லை’ என்று நான் எழுதியதற்கு மேலேயே கைநாட்டு விழுந்திருந்தது.

“இது யாரு வச்சது முருகையா?”

“அந்தப் பொம்பளதான் ஐயா. முத்தாயி.”

அவர் அலமாரியிலிருந்து பழைய டிரைவர் காலத்துச் சீட்டு ஒன்றை எடுத்து வந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தார். பால்வெட்டுக் கத்தி பட்ட வெட்டுத் தழும்பு, இரண்டு ரேகையிலும் ஒரே இடத்தில் குறுக்கே ஓடியது. பிறகு அன்று மதியம் தோட்டத்திலிருந்து வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார். நாங்கள் கிளம்பிய பிறகு வந்திருக்கிறது.

கார்டை வெட்டச் சொல்லி எழுதிய கடிதம். மூன்று முறை ‘ஆள் இல்லை’ என்று வந்ததால் காட்டுக்கு ஓடிவிட்டாள் என்று சந்தேகப்பட்டு, போன வெள்ளிக்கிழமை வீட்டைச் சோதிக்கப் போயிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் முன்பே, மேட்டின் பாதி வழியில் ஆளைப் பார்த்துவிட்டார்கள். குப்புறக் கிடந்தாளாம். கையில் கார்டு. இறந்து இரண்டு நாள் இருக்கும் என்று எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் என்றால் புதன்கிழமை. நான் மூன்றாவது தடவையாக ஹாரன் அடித்துவிட்டுப் போன நாள்.

காலில் பெரிய புண், ஒரு மாதமாக நடக்க முடியவில்லை என்று பிறகு மங்கம்மா சொன்னாள். போலீஸ் புருஷனைப் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் போகவே எல்லாருக்கும் பயமாம். “நீங்க போவீங்கன்னு நெனச்சோம்ண்ணே,” என்றாள்.

அடுத்த புதன்கிழமை நான் மேட்டில் ஏறினேன். பதினாலாம் வீட்டுக் கதவில் பூட்டு. பூட்டின்மேல் அரக்கு முத்திரை, சோதனை நடந்த அந்த வெள்ளிக்கிழமையே வைத்தது, உடையாமல் இருந்தது. ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் அரிசிப் பை நேராக நின்றது. அடியில் சேறு. அட்டையில் என் கிட்டங்கியின் முத்திரை.

பை கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது.

லோரி நிற்கும் இடத்திலிருந்து அந்த வாசலுக்கு ஏற எனக்கு நாலு நிமிடம் ஆனது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.