ஆண்கள் வகுப்பில் எனக்கொரு கதிரை

மட்டக்களப்பில் நான் படித்த மகளிர் பாடசாலையில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் உயிரியல் இருந்தது, கலை இருந்தது, வர்த்தகம் இருந்தது. கணிதம் இல்லை. படிப்பிக்க ஆளில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கணிதம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்தளவுக்குக்கூட அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. எனக்கோ பொறியியல் படிக்க வேண்டும். எங்கள் ஊரான களுதாவளையில் வீட்டுக்குள் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அப்பா இரண்டு பாடசாலை அதிபர்மாரையும் கையைக் காலைப் பிடித்து, நகரத்து ஆண்கள் பாடசாலையின் கணித வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டார். "முதல் தவணை பாப்பம். சரிவரல்லயெண்டா திருப்பி அனுப்பிருவன்" என்றார் அந்தப் பாடசாலை அதிபர்.

என்னை எங்கே இருத்துவது என்பது பெரும் பிரச்சினையாகிவிட்டது. நடுவில் இருத்தினால் சரியில்லை, பின்னால் இருத்தினால் அதைவிடச் சரியில்லை. ஆகவே ஆசிரியரின் மேசைக்குப் பக்கத்தில், வகுப்பைப் பார்த்தபடி கதிரை போட்டார்கள். கரும்பலகை எனக்கு முதுகுப்பக்கம். கழுத்தை முறித்து முறித்துத்தான் கணக்கு எழுதினேன்.

கணித சேர் நல்ல மனிசன், வேகம்தான் கூட. ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் "விளங்கிற்றா?" என்பார். நான் வருமுன் அந்த வகுப்பு மீன் சந்தையாம்; விளங்காதவன் பின்வரிசை வாங்கிலிருந்து கத்துவானாம். இப்போது ஒரு பெண் பிள்ளை முகத்துக்கு முன்னால் இருக்கிறாள். விளங்கல்ல என்று சொல்ல எந்த ஆம்பிளைக்கு வாய் வரும்? எல்லாரும் "ஓம் சேர்". நானும் "ஓம் சேர்". மகளிர் பாடசாலையில் கேள்வி கேட்டே மிஸ்மாரின் உயிரை வாங்கியவள் நான். இங்கே கேட்டால், பொம்பிளைக்குக் கணக்கு ஏறாது என்று சொல்லிவிடுவார்களே என்று பயம். வகுப்புக்கு ஒழுக்கம் வந்துவிட்டதென்று அதிபர் வாசலில் நின்று மகிழ்ந்தார். பாடத்திட்டம் பறந்தது.

தவணைப் பரீட்சையில் வகுப்பே குப்புற விழுந்தது, நானும்தான். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. "பொம்பிளப்புள்ளய முன்னுக்கு வெச்சா பொடியன்மார் பலகையையா பாப்பாங்க?" மறுநாள் காலை கணிதப் பாடத்தின் நடுவில் அதிபர் வகுப்புக்கு வந்து, "மகள், நாளையிலிருந்து உங்கட பள்ளிக்கூடத்துக்கே போங்க" என்றார்.

போகத்தான் போகிறேன், இனி என்ன வெட்கம்? அதிபர் போனதும் கதிரையைத் தூக்கிப் பலகைக்கு நேரே போட்டேன்.

"சேர், பரீட்சையில வந்த ரெண்டாம் கணக்கு எனக்கு விளங்கவேயில்ல. முதல்ல இருந்து சொல்லித் தாங்க. பிறகு போறன்."

சேர் என்னையே பார்த்தார். "எது விளங்கல்ல?"

"எல்லாம்."

சொல்லித் தந்தார். நான் விடவில்லை. இது ஏன், அது எங்கிருந்து வந்தது என்று குடைந்தேன். முதுகுக்குப் பின்னால் பேனைகள் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பினேன். கடைசி வாங்குவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள், வகுப்பில் முதலாவதாக வருபவன் உட்பட. சேரும் அதைப் பார்த்தார். சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டுப் பொடியன்மார் பக்கம் திரும்பினார்.

"இவள அனுப்பிற்றா, நாளைக்கு இந்தக் கேள்விய ஆர்ரா கேக்கிற?"

சேர் நேரே அதிபரின் அறைக்குப் போனார். நான் அந்தப் பாடசாலையிலேயேதான் உயர்தரப் பரீட்சை எழுதினேன்.