மாப்பிள்ளை சார் சொன்ன சில்

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் நான் வேலை பார்த்தபோது, என் தலைக்கு மேலே ஒரு விளக்குப் பலகை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். நீல வெளிச்சத்தில், ஆங்கில எழுத்தில், ஒரே ஒரு சொல்: சில். அதை மாட்டியவர் முதலாளியின் மருமகன். முதலாளி அண்ணாச்சிக்கு முட்டுவலி முற்றிப் படியேற முடியாமல் போனதும், பெங்களூரில் இருந்தவரை வரவழைத்து விடுதியை ஒப்படைத்தார். நாங்கள் அவரை மாப்பிள்ளை சார் என்போம். வந்தவுடன் அவர் செய்த வேலை அந்தப் பலகையை மாட்டியது. அதைவிடப் பெரிய வேலை எதையும் கடைசிவரை அவர் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் பக்கத்துக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே காற்று சில்லென்று முகத்தில் அடிக்கும். மாப்பிள்ளை சாரின் சில் வேறு. பீர் சில்லாக இருக்க வேண்டும் என்பார். அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. அறையில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் குடும்பத்தோடு வந்து சத்தம் போட்டால், சில் என்பார். சமையல்காரர் தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டாலும் சில்தான். லீவு உண்டா இல்லையா என்று தெரியாமல் அந்த மனிதர் என்னிடம் வந்து கேட்பார். கொஞ்ச நாளில் நானே அர்த்தம் கண்டுபிடித்தேன். உன் கஷ்டத்தை என்னிடம் கொண்டுவராதே என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்ல அவருக்குக் கிடைத்த சொல் அது.

சீசன் உச்சத்தில் விடுதியின் வாஷிங் மெஷின் நின்றுபோனது. ஆள் வரச் சொல்லுங்கள் என்று கேட்டதற்கும் அதே பதில்தான். படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற அக்கா வீரகேரளம்புதூர் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர். பின்கட்டில், தார்ப்பாய்க்குக் கீழே, சிமெண்டுத் தொட்டியில் கையாலேயே எல்லாவற்றையும் அலசினார். தார்ப்பாய் தலையை மட்டும்தான் மறைத்தது. சாரல் பக்கவாட்டில் அடித்து, காலையில் நனைந்த சேலை சாயங்காலம் வரை காயாது.

ஒருநாள் மத்தியானம் அக்கா வரவேற்பறைக்கு வந்தார். உதடு வெளுத்திருந்தது, பல் கிட்டியது. மாப்பிள்ளை சார் சோபாவில் கூட்டாளிகளோடு சாய்ந்திருந்தார். உடம்பு நடுங்குகிறது, வீட்டுக்குப் போகட்டுமா என்று அக்கா மெதுவாகக் கேட்டார். அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சில், அக்கா."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஆமா சார். ரொம்பச் சில்லுன்னுதான் இருக்கு."

கூட்டாளிகள் வெடித்துச் சிரித்தார்கள். மாப்பிள்ளை சார் தொடையில் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அக்காவும் கொஞ்சம் சிரித்துவிட்டு, பின்கட்டுக்குத் திரும்பிப் போனார். நான் பின்னாலேயே போனேன். தொட்டிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். தொட்டால் கை சுட்டது.

ஆட்டோ பிடித்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே டாக்டரம்மா முதலில் கேட்டது, "காய்ச்சல் சில்ஸோட வருதா, குளிர் நடுங்குதா?" என்றுதான். அந்தச் சொல்லுக்கு நேர்மையான ஒரு வேலையும் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நெஞ்சில் சளி கட்டி நுரையீரலைப் பிடித்துவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள்.

சாயங்காலம் மாப்பிள்ளை சார் போன் செய்தார். கேரளாவிலிருந்து ஒரு கூட்டம் வருகிறதாம், விரிப்புகளை யார் துவைப்பது என்று கேட்டார். அக்கா நிலைமையைச் சொன்னேன். "ஓகே, ஓகே, சில். ஷீட்டுக்கு என்ன வழி?" என்றார்.

"நீங்களே தொவச்சிக்கிடுங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அதுதான் என் ராஜினாமா.

மீதியைச் சமையல்காரர் சொல்லிக் கேள்விப்பட்டேன். வந்த கூட்டம் அழுக்கு விரிப்பைப் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டது. மாப்பிள்ளை சார் கத்திய கத்தலில் பக்கத்து விடுதிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்களாம். போனைச் சுவரில் எறிந்து உடைத்தாராம். அவரை அமர்த்த அண்ணாச்சி அந்த முட்டோடு படியேறி வரவேண்டியிருந்தது. பதறாமல் இருப்பது எப்படி என்று ஊருக்கே பலகை மாட்டியவர், சீசன் முடியும் முன்பே பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்தவன் நடுங்கும்போது அமைதியாக இருக்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. அதைத்தான் அவர் ஒரு பெரிய குணம்போல அணிந்து திரிந்தார்.

இப்போது நான் தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறேன். போன மாதம் அந்த அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நன்றாகத் தேறியிருந்தார், ஊரிலேயே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாராம். பேச்சோடு பேச்சாக, மாப்பிள்ளை சார் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அந்த ஆளுக்கு என்ன கேடு என்று எரிச்சலோடு சொன்னேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "அப்படிச் சொல்லாதட்டி. அங்கன அத்தன பேரு இருந்தாங்கல்லா? சில்லுன்னு இருக்கா, அக்கான்னு என்னயக் கேட்டது அவரு ஒருத்தருதான்."

அவர் என்ன சொன்னார் என்பதை விளக்க வாயெடுத்தேன். அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். மகளின் பெயரை எழுதி டோக்கன் கொடுத்தேன். இருவரும் போய் உட்கார்ந்ததும், அந்தப் பக்கத்து ஏசியை அணைத்தேன்.