விளிம்பில் இருபத்தொன்று

பதினேழு வருஷமாக டச் அக்காவின் சீட்டை எதிர்த்து அந்த நகைத் தெருவில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. டச் என்றால் அங்கே நகையின் தரம் பார்ப்பது. நகையை மெஷினுக்குள் வைப்பாள். நூற்றில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு செம்பு என்று திரையில் வருவதைச் சீட்டில் எழுதி நீட்டுவாள். அழுதாலும் சரி, சண்டைக்கு வந்தாலும் சரி, எண்ணை மாற்ற மாட்டாள். அவளிடம் ஆறுதல் வாங்குவதைவிடக் கல்லில் நார் உரித்துவிடலாம்.

அப்படிப்பட்டவளின் மேஜைக்கு ஒரு மத்தியானம் சொந்த வீட்டுச் சமாச்சாரமே வந்து சேர்ந்தது. கப்பலில் சமையல்காரராக இருந்து காலமான மாமனார், ஏதோ துறைமுகத்தில் வாங்கிவந்த பத்து வெள்ளிக் காசுகள். அவர் போனதிலிருந்து கொழுந்தனின் பெட்டியில் கிடந்தவை. இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் முன் டச் பார்த்துவிடச் சொல்லியிருந்தாள் மாமியார்.

பத்திலும் ஒரே முகம், ஒரே அளவு. எழுத்து மட்டும் தெரியாத பாஷை. நாலு காசு எங்கே வைத்தாலும் தொண்ணூறு பங்கு வெள்ளி காட்டின. மற்ற ஆறும் முகத்தில் எண்பது காட்டின. விளிம்பைத் திருப்பி வைத்தால் இருபத்தொன்று! மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே இருபத்தொன்று. தராசில் போட்டால் அந்த ஆறும் ஒவ்வொரு கிராம் குறைவு. விளிம்பில் செம்பு நிறத்தில் ஒரு கோடு வேறு.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முலாம் பூசி ஏமாற்றுகிறவன் உள்ளே எதற்கு இருபத்தொரு பங்கு வெள்ளியை வைக்கிறான்? திருடனுக்கு என்ன தர்ம சிந்தனையா? ஆனால் மேலே ஒன்று, உள்ளே ஒன்று என்றால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே பெயர்தான். எழுதிவிட்டாள்: ‘நாலு அசல், ஆறு முலாம்.’

மாமியார் சீட்டைப் படித்துவிட்டு இளைய மகனைக் கூப்பிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்; வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

“பெட்டி உங்கிட்டதானேடா இருந்துச்சு? ஆறு காசு எப்படி மாறுச்சு?”

“நான் தொடவே இல்லம்மா.”

“அப்ப சீட்டு பொய் சொல்லுதா?”

அவன் அண்ணியைப் பார்த்தான். “நான் யாரையும் சொல்லலப்பா. மெஷின் சொன்னதத்தான் எழுதினேன்,” என்றாள் அவள். முலாம் என்ற வார்த்தையை மெஷின் சொல்லவில்லை என்பது அவளுக்கே தெரியும். பையைத் தூக்கிக்கொண்டு போனவன் வீடு திரும்பாமல், வேலை செய்யும் கட்டடத்தின் பின்னால் ஓர் அறையில் தங்கிவிட்டான்.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் திருடியிருந்தால் இருபத்தொன்று எதற்கு? திருடவில்லை என்றால் மற்ற நாலைப்போல் தொண்ணூறு காட்டாமல் எண்பது எதற்கு? மண்டை காய்ந்துபோய், பத்தாம் நாள் ஒரு காசைத் தகடு வெட்டும் கத்தரியால் இரண்டாக வெட்டியே விட்டாள். உள்ளே மூன்று அடுக்கு, அளந்து வைத்ததுபோல. முலாம் இவ்வளவு தடிமனாக இருக்காது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு தெருமுனையில் பழைய நாணயம் விற்பவரிடம் ஓடினாள்.

“வருஷத்தப் பாத்தீங்களாக்கா?” என்றார் அவர்.

நகைக்கு ஏது வருஷம்? அவள் பார்க்கவே இல்லை.

“இந்த நாலும் பழசு. அடுத்த வருஷத்துலேருந்து வெள்ளி கட்டுப்படியாகலன்னு, அந்த நாட்டு அரசாங்கமே நடுவுல மட்ட வெள்ளிய வச்சு மூணடுக்கா அடிச்சுது. மொத்தமா பாத்தா நூத்துக்கு நாப்பது வெள்ளி வரும். நீங்க வெட்டினதையும் சேத்து ஆறும் அசல்தான்.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவளுக்கு ஆத்திரம்கூட இல்லை, வெறும் பழக்கம். வெட்கம் பிடுங்கித் தின்றது. புதுச் சீட்டு எழுதி, மாமியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு கொழுந்தனின் அறைக்குப் போனாள்.

“என்ன மன்னிச்சிருப்பா. தப்பு என்னோடதுதான்,” என்றாள், வாசலிலேயே நின்று.

“விடுங்க அண்ணி. தெரியாம எழுதிட்டீங்க.”

மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. சீட்டை அவன் கையில் திணித்தாள். “பாருடா, நீ எடுக்கலன்னு இப்ப எழுதியே குடுத்துட்டா. கெளம்பு, வீட்டுக்குப் போலாம்.”

அவன் அதைப் பிரிக்காமல் அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தான்.

“நான்தான் அன்னைக்கே சொன்னேனேம்மா,” என்றான்.