இரும்புப் பெட்டிக்குள் ஒரு பல்பு

என் அம்மா செத்தபோது நான் ஊருக்குப் போகவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், பனிக்காலம், டிக்கெட் கிடைக்கவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் அண்ணன் அதில் ஒன்றையும் நம்பவில்லை. பேஸ்மென்டில் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டியை விட்டு என்னால் நகர முடியவில்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் மட்டும் நம்பியிருப்பானா? இவளுக்குப் பணத்திமிர் என்றுதான் நினைத்திருப்பான்.

நாங்கள் மொன்ட்ரியாலுக்கு வந்தது அறுபதுகளின் கடைசியில். சென்ட் லோரன்டில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் என் கணவருக்கு இன்ஜினியர் வேலை. பக்கத்திலேயே ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை, அதன் அடியில் இருந்த பேஸ்மென்டோடு சேர்த்து, வாடகைக்குப் பிடித்தோம். மாடியில் வீட்டுக்காரி. எதிரே பார்த்தால் "போன்ஜூர்" என்பாள், நானும் "போன்ஜூர்" என்பேன். எங்கள் உறவு அதோடு முடிந்துவிடும். தொழிற்சாலையில் அவருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். மத்தியானம் தயிர்சாதத்தைத் திறந்துகொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார்.

ஓர் இலையுதிர் காலத்தில் கூட வேலை பார்த்தவர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிட்டார்கள். முட்டைகூடத் தொடாத மனிதர் கிளம்பிப் போய்விட்டார். அடுத்த வருஷமும் போனார். தன் பங்கு இறைச்சியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வந்து, குளித்த பிறகுதான் அடுப்படிப் பக்கம் தலைகாட்டுவார். "சைவ வேட்டைக்காரர் வந்துட்டார்" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

"காட்டுல எல்லாரும் எங்கிட்ட பேசறாங்க" என்றார் ஒரு நாள். அதற்குப் பிறகு எனக்குக் கிண்டல் வரவில்லை.

இரண்டு துப்பாக்கிகள் வாங்கி, என் பட்டுப்புடவைகள் தொங்கிய அலமாரியில் பின்னால் சாத்தி வைத்திருந்தார். மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயம். ஒரு நாள் புடவைகளுக்கு நடுவில் புகுந்து அவள் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. "ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும்" என்று கத்தினேன். சில நாளில் இரும்புப் பெட்டி வந்தது.

மூடிவிட்ட நகைக்கடை ஒன்றில் வாங்கியது. என் தோள் உயரம், எண் வட்டைத் திருப்பித் திறக்கும் பூட்டு. பலகை போட்டு, கயிறு கட்டி, நாலைந்து பேர் திட்டிக்கொண்டே பேஸ்மென்டில் இறக்கினார்கள். உள்ளே நகைத் தட்டுகள் வைக்கும் இழுப்பறைகள் வரிசையாக இருந்தன. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, தாங்கிய சட்டங்களை ரம்பத்தால் அறுத்தார். துப்பாக்கி நேராக நிற்க உயரம் போதவில்லை. அதனால் அடிப்பலகையில் ஒரு மூலையிலும் மேல்பலகையில் எதிர் மூலையிலும் பள்ளம் வெட்டி, சாய்ந்து நிற்கும்படி செய்தார். துப்பாக்கியின் மரக்கட்டையில் இரும்பு உரசாமல் பச்சைக் கம்பளித்துணி ஒட்டினார். தோட்டாக்களுக்கென்று மேல்பக்கம் தனியாக ஒரு சின்னப் பெட்டி, அதற்கு வேறு பூட்டு. வீடு முழுக்கப் பசை நாற்றம். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டினேன், அவர் சீட்டியடித்துக்கொண்டு வேலை பார்த்தார்.

கொஞ்ச நாளிலேயே துப்பாக்கிக் குழல்களில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. பழைய பெட்டிகளின் சுவருக்குள், நெருப்பைத் தாங்குவதற்காக, சாந்து மாதிரி ஏதோ அடைத்திருப்பார்களாம். அது ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருக்குமாம். பாதுகாக்க வாங்கிய பெட்டியே துருவைக் கொடுக்கிறது. அவர் பின்பக்கம் துளை போட்டு, ஒயரை இழுத்து, உள்ளே ஒரு சின்ன பல்பு மாட்டினார். இரவும் பகலும் எரியும், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. "சாமி விளக்கு மாதிரி அணையாம எரியுது பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அநேகமாக அந்தக் குளிர்காலத்தோடு சரி.

அடுத்த வருஷம் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். அவருக்கும் வேலை போயிற்று. ஏறாத படியில்லை. ஓர் இடத்தில் பிரெஞ்சு தெரியாது என்றார்கள், இன்னோர் இடத்தில் படிப்பு அதிகம் என்றார்கள். வேட்டைக்குக் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூடத் தொலைபேசியில் கூப்பிடவில்லை. அவர் சவரம் செய்வதை விட்டார், பிறகு குளிப்பதை விட்டார். காலையில் பேஸ்மென்டுக்குப் போனால் துப்பாக்கிகளை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார். சுத்தமாக இருப்பதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்க எனக்குப் பயம்.

ஒரு நாள் அவரே கூப்பிட்டார். பெட்டி திறந்திருந்தது. கதவின் உள்பக்கத்தில் ஒரு சாவியைச் செருகிக் காட்டினார். "இப்படித் திருப்பிட்டு மூணு நம்பர் வெச்சா, அதுதான் புது நம்பர். மாத்திடு. எனக்குச் சொல்லாதே."

"ஏன்?"

"மாத்துன்னா மாத்தேன்."

சொல்லிவிட்டு மூலைக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வகுப்பில் தண்டனை கொடுத்து நிறுத்தின பிள்ளை மாதிரி நின்றார். அவர் ஏன் கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. சாவியைத் திருப்பி மூன்று எண்களை வைத்தேன். என் அம்மா வீட்டுப் பழைய கதவு எண், கார்ப்பரேஷன்காரன் வந்து எழுதிவிட்டுப் போன புது எண், மயிலாப்பூருக்கு அந்தக் காலத்தில் இருந்த தபால் எண். தோட்டாப் பெட்டியின் சாவியையும் உள்ளேயே போட்டு மூடினேன்.

"இதைக் குடுத்துத் தொலைச்சுடலாங்க" என்று அழுதேன்.

"குடுத்துட்டா நான் இனிமே தேறவே மாட்டேன்னு அர்த்தம். இருக்கட்டும். நான் நல்லானதும் நீயே திற."

டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். "இங்க இருக்கற தமிழ் டாக்டர் எல்லாரும் நம்ம வீட்டுல பொங்கல் சாப்பிட்டவங்க. யாருகிட்ட போய் என்னன்னு சொல்றது?" என்றார். வேறு டாக்டரிடம் போகலாமே என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள், மகளுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா என்றுதான் இரண்டு பேருமே நினைத்தோம். எங்களைப் போன்ற படித்த முட்டாள்கள் எங்கும் கிடைக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து நான் காவல்காரி ஆனேன். கடைக்கு ஓடினால் மூச்சிரைக்கத் திரும்பி வருவேன். யார் வீட்டு நவராத்திரிக்கும் தனியாகப் போனதில்லை. பெட்டியை நான் திறக்கவே இல்லை. ஒயரை நானே பிடுங்கினால் அவர் கண்டுபிடித்துவிடுவார். உள்ளே இருக்கும் பல்பு என்றைக்காவது ஃபியூஸ் போகும், மாற்ற ஆள் கிடையாது, ஈரம் அந்தச் சனியன்களைத் தின்றுவிடும் என்று ஆசையோடு காத்திருந்தேன். துரு பிடிக்கவேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவருக்கு மறுபடி வேலை கிடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில், முன்பைவிடச் சின்ன வேலை. ஆனாலும் காலையில் குளித்தார், சட்டை போட்டார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவரே சந்தனம் கரைத்தார். அளவுகோல், திருப்புளி, என் தையல் மெஷின், மகளின் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"ஆயுத பூஜைன்னு பேரு. ஆயுதத்தை மட்டும் உள்ள பூட்டி வெச்சிருக்கே. திறயேன், ஒரு பொட்டு வெச்சுட்டு மூடிடலாம்."

அவர் நன்றாகத்தான் இருந்தார். அன்றைக்குத் திறந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. ஆனால் 'ஆகியிருக்காது' என்பதை நம்பி நான் என் தாலியைப் பணயம் வைக்க முடியுமா?

"திறக்க மாட்டேன்."

"நான் நல்லாயிட்டேன்னு எப்பதான் நம்புவே?"

"தெரியலை."

அவர் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே போய், பெட்டியின் கதவில் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்தார். பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். என்னிடம் திறக்கச் சொல்லி மறுபடி கேட்கவே இல்லை.

அதற்குப் பின் வந்த ஒரு பனிக்காலத்தில் அவர் மறுபடி பழைய நிலைக்குப் போனார். வேலைக்குப் போவார், வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்துவிடுவார். அப்போதுதான் அம்மா கடைசி நிலையில் இருப்பதாக அண்ணன் தந்தி அடித்தான். அவரிடம் சொன்னேன். போய்விட்டு வா என்று ஒரு பேச்சுக்காவது சொல்வார் என்று எதிரிலேயே நின்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகவில்லை. அம்மா என் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டே போனாளாம். பெற்ற தாய்க்கே போகாதவள் என்று இங்கிருந்த தமிழ்க் குடும்பங்களும் பேசின. பேசட்டும் என்று விட்டேன். அவர் வாயைத் திறக்காமல் இருந்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் லொங்குய்யில் சின்னதாக ஒரு வீடு வாங்கினோம். வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து ஊரே வீடு மாறும் ஜூலை முதல் தேதி நாங்களும் மாறினோம். சாமான் ஏற்ற வந்தவன் இரும்புப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, உள்ளே இருப்பதை எடுக்காமல் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போய்விட்டான். வேறு வழியில்லை. மகளை மேலே அனுப்பினேன். அவர் பக்கத்தில் நிற்க, அம்மா வீட்டு எண்ணைத் திருப்பினேன்.

கதவைத் திறந்ததும் உள்ளே வெளிச்சம். பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை, குழல்களில் எண்ணெய் மினுங்கியது. இரண்டு துப்பாக்கிகளின் மரக்கட்டையிலும் சந்தனம். காய்ந்து வெடித்த சந்தனத்தின் மேல் இன்னொரு சந்தனம், அதன் மேல் இன்னொன்று, எல்லாவற்றுக்கும் மேலே குங்குமம். ஒரு காய்ந்த செவ்வந்திப் பூவும் இருந்தது.

"எப்பத்திலேருந்து?" என்றேன்.

"நீ மாத்தின மறுநாளே தெரியும். உங்கம்மாவுக்குப் போற தபால் உறை எல்லாத்துலயும் விலாசம் எழுதினது நான்தானே. உனக்கு வேற என்ன நம்பர் மனப்பாடம்?"

"அப்ப நான் ராத்திரி பகலா காத்ததெல்லாம்?"

அவர் அந்தக் காய்ந்த பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"நான் போயிருக்கலாமே! எங்கம்மா முகத்தைப் பாத்திருப்பேனே! 'எனக்கு நம்பர் தெரியும், நீ போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" வெளியே சாமான் ஏற்றுகிற சத்தம் நின்றுபோகும் அளவுக்குக் கத்தினேன்.

"நீ போயிருந்தா திறந்திருப்பேன்."

"அதான் வருஷா வருஷம் திறந்திருக்கீங்களே!"

"அது நீ மேல சமைச்சுக்கிட்டிருக்கறப்போ. கையில எடுத்துட்டு உக்காந்திருப்பேன். நீ தாளிக்கற சத்தம் கேக்கும். பொட்டு வெச்சு மூடிட்டு மேல வந்துடுவேன்."

துப்பாக்கிகளை அன்றே போலீஸில் கொடுத்துவிட்டோம். பெட்டியை அந்த பேஸ்மென்டிலேயே விட்டுவிட்டோம். அதுதான் ஒழிந்ததே, இனி என்ன பயம் என்று யாரும் கேட்கலாம். பூட்டு அந்தப் பெட்டியில் இல்லை என்று தெரிந்த பிறகு, பெட்டி போய் எனக்கு என்ன வந்தது? லொங்குய்யிலும் அவர் பேஸ்மென்ட் படியில்தான் உட்காருகிறார். நான் இன்னும் ஊருக்குப் போகவில்லை. சமையல் முடிந்த பிறகும் அடுப்படியில் நின்று ஏதாவது ஒரு பாத்திரத்தை உருட்டிக்கொண்டே இருக்கிறேன்.