முதல் பக்கத்துக்கு வந்த அப்பா

அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் ஏணி. எந்தக் கடையின் இணையதளத்தைக் கொடுத்தாலும் தேடல் முடிவுகளில் மேலே ஏற்றிவிடுவான் என்பதால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. மெத்தை விற்பவர், பல் வைத்தியர், கொசுவலை மாட்டுபவர் என்று அவன் ஏற்றிவிடாத ஆள் கிடையாது. ஏதோ மந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். மாட்டு உழைப்புதான். தேடுகிறவர் என்ன வார்த்தை போட்டுத் தேடுவார் என்று மண்டையை உடைத்துக்கொண்டு எழுத வேண்டும். மதிப்புள்ள நாலு தளங்கள் நம் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும்படி கெஞ்ச வேண்டும். பக்கம் சட்டென்று திறக்கும்படி உள்ளே இருக்கிற கோடிங்கைச் சுத்தம் செய்ய வேண்டும். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருக்கச் சொன்னால் எந்த முதலாளிக்குப் பிடிக்கும்? நாளைக்கே மேலே வரணும் என்று குதிப்பார்கள். "குறுக்கு வழியில போனா இருக்கற இடமும் போயிடும் சார்" என்று சொல்லிச் சொல்லியே அவனுக்குத் தொண்டை கட்டிப்போனது.

அப்படிப்பட்டவனுடைய அப்பா ஒரு காலையில் காணாமல் போனார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாக ஞாபகம் சரியில்லை. சாப்பிட்டு முடித்த கையோடு, தட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி உட்காருவார். அன்றைக்கு அக்கா குளித்துவிட்டு வருவதற்குள் வாசல் கதவு திறந்து கிடந்தது. எந்தக் கட்டடத்திலோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று கிளம்பியிருப்பார், பாவம். போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் ஒன்றும் பாக்கியில்லை. போனில் அனுப்பிய அவர் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, காலை வணக்கங்களுக்கு அடியில் போய்ப் புதைந்தது.

அவனுக்குத் தெரிந்தது ஒரே வேலை. அப்பாவுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் போட்டான். அவரைப் பார்க்கிறவருக்கு அவர் பேரா தெரியும்? கண்ணால் பார்த்ததை வைத்துத்தானே தேடுவார்கள்? 'வழி தெரியாமல் நிற்கும் பெரியவர்', 'லிஃப்ட் பற்றியே பேசும் முதியவர்', 'இடது புருவத்தில் தழும்பு' என்று யோசித்து யோசித்து எழுதினான். முதியோர் இல்லங்களுக்கும் செய்தித் தளங்களுக்கும் எழுதி இணைப்புக் கேட்டான். சிலர் கொடுத்தார்கள், நன்றாக இருக்கட்டும். பக்கம் ஊர்ந்து ஊர்ந்து, தேடல் முடிவுகளின் மூன்றாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அங்கிருந்து நகர்வேனா என்றது. மூன்றாம் பக்கம் வரைக்கும் எவன் போகிறான்?

அக்கா அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள்.

"ஏன்டா, ஊர்ல இருக்கற மெத்தைக் கடையை எல்லாம் மேல ஏத்தற. பெத்த அப்பனை ஏத்த முடியலையா உனக்கு?"

"புதுப் பக்கம்க்கா. நம்பிக்கை வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"யாருக்கு? அந்த மெஷினுக்கா? மாத்திரை இல்லாம எங்க விழுந்து கிடக்கறாரோன்னு எனக்கு வயித்தைக் கலக்குது. நீ மெஷினுக்கு நம்பிக்கை வரணும்ங்கற!"

அவன் இன்னொரு தடவை தேடிப் பார்த்தான். மூன்றாம் பக்கம்தான்.

அந்தத் தொழிலில் இணைப்பு வியாபாரிகள் என்று ஒரு கூட்டம் உண்டு. யாருமே படிக்காத குப்பைத் தளங்களை ஆயிரக்கணக்கில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் அங்கிருந்து இணைப்பு விற்பவர்கள். அப்படி ஒருவனை அவனே அலுவலக வாசலோடு விரட்டியிருக்கிறான். இப்போது அந்த ஆளையே போனில் கூப்பிட்டான்.

"சார், நீங்களா? நம்பவே முடியல!"

"வாயை மூடிட்டு வேலையைப் பாருப்பா."

அடுத்த நாளே அப்பா முதல் பக்கத்தில் இருந்தார். அக்கா அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல, கடங்காரா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். தன் போனிலும் பக்கத்து வீட்டுக்காரி போனிலும் மாற்றி மாற்றித் தேடிப் பார்த்துக்கொண்டாள். அவனும் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஒரு மத்தியானம் தேடினால் அப்பா இல்லை. முதல் பக்கத்தில் இல்லை, மூன்றாம் பக்கத்தில் இல்லை, எந்தப் பக்கத்திலும் இல்லை. விலைக்கு வாங்கிய இணைப்புகளைத் தேடுபொறி மோப்பம் பிடித்து, அவர் பக்கத்தையே பட்டியலிலிருந்து தூக்கி எறிந்திருந்தது. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன வாய்! ஒவ்வொரு குப்பை இணைப்பும் வேண்டாம் என்று தேடுபொறிக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தான். 'என் அப்பாவைத் தேடுகிறேன், தவறு என்னுடையது' என்று விளக்கம் எழுதி அனுப்பினான். அக்காவிடம், "ஏதோ கோளாறுக்கா, சரியாயிடும்" என்று மட்டும் சொன்னான்.

ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கிடைத்தது. அப்பா திரும்ப முடிவுகளில் தெரிந்த மறுநாளே போன் அடித்தது. அக்கா பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். பேசியவள் ஏதோ விடுதியில் சமையல் செய்கிறவள்.

"படத்துல இருக்கறவர் இங்க இருந்தாருங்க. புருவத்துல தழும்பு, அவரேதான்."

"இருந்தாரா?" என்றாள் அக்கா.

"போன வாரம். எங்க விடுதி லிஃப்ட் முன்னாடி உக்காந்திருந்தாரு. சாப்பாடு போட்டேன். பேரு கேட்டா தெரியல. ஆனா ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாரு. 'கம்ப்யூட்டர்ல தேடும்மா, என் பையன் அதுலதான் வேலை பாக்கறான், உடனே வருவான்'னு."

"நான்தாங்க அந்தப் பையன்" என்றான் அவன்.

"நானும் தேடினேன் தம்பி. லிஃப்ட், பெரியவர், தழும்பு, எல்லாம் போட்டுத் தேடினேன். எங்க முதலாளி பொண்ணை விட்டும் தேடச் சொன்னேன். ஒண்ணுமே வரலையே! ரெண்டு நாள் பாத்தாரு. பையன் வந்தானா, வந்தானான்னு வாசலையே பாத்தாரு. மூணாம் நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா ஆளைக் காணோம். நேத்து என்னவோ மனசு கேக்காம மறுபடி தேடினேன், தள்ளிக்கிட்டே போனா மூணாம் பக்கத்துல உங்க பக்கம் இருக்கு. இது அன்னிக்கே வந்திருக்கக் கூடாதா தம்பி?"

விடுதியின் விலாசத்தை அக்காதான் கேட்டு எழுதிக்கொண்டாள். போனை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். அது என்ன கோளாறு என்று அவள் கேட்கவில்லை. புரிந்துகொண்டுவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

"எந்திரி. அங்கிருந்து நடந்து தேடலாம்" என்றாள்.